வேலம்பாசியும் ஒரு சிட்டிகை சோடாவும்

ஆவடிக்கு அப்பால் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் அறிவியல் டீச்சராக இருந்தேன். வகுப்பில் இருந்தேன், அரசாங்கப் பதிவேட்டில் இல்லை. நிர்வாகம் தன் பொறுப்பில் வைத்துக்கொண்ட டீச்சர். 1988-ல் ஒரு நிரந்தர இடம் காலியாக, அதற்கு என் பெயரை அனுப்பினார்கள். கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்த்து ஒப்புதல் எழுதினால் இடம் எனக்கு. இல்லாவிட்டால் வேறு யாருக்கோ. எனக்கு வயது முப்பத்தாறு. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் நசுங்கி வருகிறவளுக்கு இன்னோர் இடத்தில் போய் நிற்கத் தெம்பில்லை.

என்ன பாடம் எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒளிச்சேர்க்கைதான். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் வேலம்பாசி, பாசியின் மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் பாசி குமிழ் குமிழாக ஆக்சிஜனை விடும். குழாயில் வாயு சேர்ந்ததும் கனல் மட்டும் உள்ள ஊதுபத்தியை உள்ளே விட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். எந்த வருடமும் என் மானத்தை வாங்காத சோதனை அது.

பாசியை ஏரியில் பறித்து, ஏரித் தண்ணீரையே மொண்டு வருவதுதான் வழக்கம். இந்தத் தடவை எனக்குக் கௌரவம் வந்துவிட்டது. அதிகாரி முன்னால் கலங்கல் தண்ணீரா? பத்தாம் வகுப்புத் தாட்சாயிணியைக் கூப்பிட்டேன். பள்ளிக்குப் பின்னாலேயே வீடு. எதையும் அரைகுறையாகச் செய்யாத பெண்.

"நாளைக்குக் காலையில ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டா. கண்ணாடியாட்டம் இருக்கணும்."

"கொண்டாறேன் டீச்சர்."

காலை ஒன்பதுக்கு முற்றத்து வெயிலில் எல்லாவற்றையும் வைத்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. பதினொன்றுக்கு அதிகாரி தலைமை ஆசிரியர் ரகுநாதனோடு வந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பாசியில் ஒரு குமிழ் இல்லை.

"என்னம்மா, செடி மூச்சே விடலையே" என்றார் அதிகாரி. அவர் படித்தது வரலாறு.

வெயில் இருக்கிறது, பாசி பச்சையாக இருக்கிறது. பிறகு என்ன கேடு? தாட்சாயிணியைப் பார்த்தேன்.

"தண்ணி எங்க புடிச்ச?"

"கெணத்துல டீச்சர். தம்பிக்கு மஞ்சக்காமால வந்ததுலேந்து ஊட்டுல எல்லாத் தண்ணியும் காய்ச்சித்தான் வெக்கறாங்கோ. அதிகாரி வர்றாருன்னு எங்கம்மா ரெண்டு தபா கொதிக்க வெச்சு, துணியில வடிகட்டிக் குடுத்துது."

போன உயிர் திரும்பி வந்தது. காய்ச்சினால் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஓடிவிடும். அது இல்லாமல் பாசி எதைத் தின்னும்? இதையே பாடமாக்கினேன். அதிகாரிக்கும் கேட்கும்படி விளக்கிவிட்டு, சத்துணவுக் கூடத்தில் கடலை வேகப் போடும் ஆப்ப சோடாவில் ஒரு சிட்டிகை வாங்கிவரச் சொன்னேன். அது தண்ணீரில் கரைந்தால் பாசிக்கு வேண்டியது கிடைக்கும். எல்லாரும் பார்க்கத்தான் போட்டேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் பாசியின் நுனிகளிலிருந்து குமிழ்கள் வரிசையாக ஏறின. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது.

அதிகாரி சிரித்தார். "ஆப்ப சோடா போட்டா மாவே பொங்குது. தண்ணி பொங்காதா? பிள்ளைங்க முன்னால இப்படி ஏமாத்தலாமாம்மா?"

குமிழ் பாசியிலிருந்துதான் வருகிறது, தண்ணீரிலிருந்து அல்ல என்று சொன்னேன். அவர் கேட்கிற மாதிரி தெரியவில்லை. ரகுநாதன் சார் தமிழாசிரியராக இருந்து தலைமைக்கு வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஒரு விரல்கடை வாயு சேரட்டும் சார். ஊதுபத்தி விட்டுக் காட்டறேன். சோடாவோட வாயுன்னா அணைஞ்சுடும். ஆக்சிஜன்னா எரியும்."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு வர்றேன். எரிஞ்சா ஒப்புதல். எரியலன்னா என் கண்ணால பார்த்ததத்தான் எழுதுவேன்."

எனக்கு அது போதும். பாத்திரத்தின் பக்கத்திலேயே காவல் நின்றிருப்பேன். ஆனால் பரிமாற ஒரு பெண் வேண்டுமென்று ரகுநாதன் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேலை கொடுக்கப் போகிறவருக்கு ரசம் ஊற்ற மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அப்பளம், மோர் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். இந்நேரம் குழாயில் அரை விரலாவது சேர்ந்திருக்கும், ஒரு மணிக்கு முக்கால் விரல் என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது அந்த ஆளிடம் எனக்குக் கோபம்கூட இல்லை. எரியும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசைதான் இருந்தது.

இரண்டு மணிக்கு அவர் கைகழுவ எழுந்ததும் ஊதுபத்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. புனலும் குழாயும் பக்கத்தில் வெயிலில் காய்ந்தன. பாசியைக் காணோம். தாட்சாயிணியும் நாலைந்து பிள்ளைகளும் கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"யார் கொட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான் டீச்சர்." தாட்சாயிணி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவுரு திரும்ப வந்து புடிச்சுடுவாருன்னு சாக்கடையில ஊத்திட்டேன். சோடா வாசன இல்லாம சோப்பு போட்டுக் கழுவியாச்சு. இன்னா கேட்டாலும் நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

"ஐயோ, அது சோடாவோட வேல இல்லம்மா. பாசி விட்டதுதான். நான் ஏமாத்தல."

பின்னால் தாழ்வாரத்தில் அதிகாரியின் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"செரி டீச்சர்" என்றாள் தாட்சாயிணி, காய்ச்சலில் கிடக்கும் தம்பியிடம் பேசுவதுபோல். "நீங்க எங்க டீச்சரு. நாங்க நம்புறோம்னே சொல்லிடறோம்."