சாலவாக்கத்தில் லிஃப்ட் இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் கிடைத்தது.

குரோம்பேட்டையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், ஒரு சனிக்கிழமை காலை, கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் கத்தினேன். பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"பயப்படாதீங்கம்மா. லிஃப்டு கீழ வுழாது. ஏதாச்சும் பேசிக்கினே இருங்க, நான் வேலையப் பாத்துக்கினே கேக்கறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. [இருபத்திரண்டு ஆண்டுகளாக வாராவாரம் தொடர்கதை எழுதுகிறவள் இதை ஒப்புக்கொள்வது எளிதல்ல.]

"சரி, நீங்க பேசலன்னா நான் பேசறேன். மாட்னவங்க மனசு வேற பக்கம் போவணும், அதான் எங்களுக்கு ட்ரெயினிங்கு. எங்கூட்டுக்காரரு ஊருக்குப் போயிடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கம். அங்க போயி நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க? சாலவாக்கத்துல ஏதுங்க லிஃப்டு?"

கதவு திறந்ததும் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். நீலச் சட்டை, இடுப்பில் கருவிப் பை, நெற்றியில் கிரீஸ். அடுக்ககத்துக்கு மாதம் ஒரு முறை சர்வீஸுக்கு வருகிறவள். இத்தனை நாள் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

அதன்பிறகு அவள் எங்கள் தெருப் பக்கம் வேலைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்துக் கதையைக் கேட்டுக்கொண்டேன். எழுதட்டுமா என்றேன். பேரை மாற்றினால் சரி என்றாள். புதுப் பேரையும் அவளே சொன்னாள்.

"பாஞ்சாலின்னு போடுங்க. எங்க ஊரு அம்மன் பேரு. எவனும் சண்டைக்கு வரமாட்டான்."

2

அவள் பேர் சொன்ன அதே வாரம் பத்திரிகை ஆசிரியர் ஞானதாஸ் தொலைபேசியில் வந்தார். 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்று ஒரு சிறப்பிதழாம். வியாழக்கிழமைக்குள் கதை வேண்டுமாம். என்னிடம் கதை இருக்கிறது என்று வாயை விட்டேன். என் புத்தி.

"சூப்பர் மேடம். ஹீரோயின் என்ன பண்றா?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"டீச்சர்னு மாத்திடலாமே?"

"மாத்தினா கதையே இல்ல ஞானதாஸ். டீச்சர் எந்த ஊர்லயும் டீச்சர். இவ லிஃப்ட் இல்லாத ஊர்ல யாரு?"

"அது சரி. ஆனா கடைசியில கிராமத்துக்குப் போயிடறாங்கல்ல?"

"தெரியல."

"மேடம், இதழோட தலைப்பே அதுதான்."

3

தொடக்கங்கள்.

அ) "உத்திரமேரூர் ஏரிக்கு மேலே பொழுது விடிந்தது. கொக்குகள் வெண்ணிற மாலையாக—"

அடித்துவிட்டேன். பாஞ்சாலி கொக்கு பார்க்கிறவள் இல்லை. அவள் பிறந்தது காவாந்தண்டலம். அங்கே பிறந்தவர்களுக்குக் கொக்கு என்பது நாற்றங்காலை மிதிக்கிற பறவை.

ஆ) "நகரம் அவர்களைக் கசக்கிப் பிழிந்து—"

பொய். நகரம் அவளுக்கு நாற்பத்திரண்டு லிஃப்டுகளைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றின் குணமும் அவளுக்குத் தெரியும். எங்கள் அடுக்ககத்து லிஃப்டை அவள் 'சோம்பேறி' என்கிறாள். பம்மலில் ஒரு மருத்துவமனை லிஃப்டுக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர். காஞ்சிபுரத்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அதற்குப் பிறகு ஆறு ஆண்டு மோட்டார் அறைகளில் வியர்த்து, இப்போது லிஃப்ட் சரியாக இருக்கிறது என்று சர்வீஸ் கார்டில் தனியாகக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்திருக்கிறாள். இப்படிப்பட்டவளை நகரம் கசக்கியது என்று எழுதினால் அவள் என்னை அடுத்த முறை மாட்டிய இடத்திலேயே விட்டுவிடுவாள்.

இ) "கலைச்செல்வனுக்கு அன்று ஒரு யோசனை வந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

4

கலைச்செல்வன் அவள் கணவன். அவனைக் கொஞ்சம் கெட்டவனாக எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை. குரோம்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக வர நாளுக்கு மூன்றரை மணி நேரம். உத்திரமேரூருக்கும் கம்பெனி பஸ் போகிறது. சாலவாக்கத்திலிருந்து பைக்கில் போய் ஏறிக்கொள்ளலாம், நெரிசல் கிடையாது, கொஞ்ச நேரம் மிச்சம். அப்பா வேதகிரி தனியாக இருக்கிறார். இரண்டு ஏக்கர் இருக்கிறது. மகள் பூஜாவை அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவன் சொல்கிற ஒவ்வொன்றும் நியாயம். பாத்திரம் வேறு கழுவுகிறான். பாத்திரம் கழுவிக்கொண்டே "ஊருக்குப் போயிட்டா எல்லாம் சரியாப்பூடும் பாஞ்சா" என்கிறவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

இடம் மாறினால் அவன் வேலை அப்படியே இருக்கும், அவளுடையது போய்விடும். இதை அவன் கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்திருக்கிறான். "உனக்கும் அங்க ஏதாச்சும் அமையும்" என்று ஒரே வரியில்.

அந்த 'ஏதாச்சும்' எது என்று தேடித்தான் ஐந்து நாள் போயிற்று.

5

தாலுகா வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கதாபாத்திரம், நான் நினைத்தால் வேலை கொடுக்க முடியாதா?

தையல் கடை வைத்தேன். அவளுக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது. அரிசி ஆலையில் போட்டேன். மூன்றாவது பத்தியிலேயே தும்மிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே லிஃப்ட் இல்லாமலா போகும் என்று அவளிடமே கேட்டேன்.

"இருக்கும்மா. ஆனா அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் சர்வீஸ் காண்ட்ராக்டு சென்னைலேர்ந்துதான் போவும். நான் சாலவாக்கத்துல குடியிருந்துக்கினு, சென்னைக்கு வந்து கையெழுத்து போட்டு, திரும்பி ஏனாத்தூரு போவணும். நல்லாக்கீது கத."

பிறகு எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. பம்ப்செட்! ஊர் முழுக்க மோட்டார். இவள் மோட்டார் தெரிந்தவள். துள்ளிக் குதித்து இரண்டு பக்கம் எழுதினேன். பெயர்ப்பலகைகூட எழுதிவிட்டேன்: 'பாஞ்சாலி மோட்டார் ரீவைண்டிங்—'

படித்துக் காட்டினேன். காபித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நீங்க தொடர்கத எழுதறீங்க. உங்கள கூப்ட்டு ஜாதகம் எழுதுன்னா எழுதுவீங்களா? அதுவும் எழுத்துதானே?"

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.*

* [ஞானதாஸுக்கு மட்டும்: பெண் சுயதொழில், கிராம வளர்ச்சி, படம் போட வசதி, எல்லாம் அதில் இருந்தது. எனக்கும் வருத்தம்தான்.]

6

இதுவரை எழுதியது பெரும்பாலும் நடந்தது. உண்மையான பாஞ்சாலியின் வீட்டில் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமைக்குள் முடிகிற மாதிரி இல்லை. ஆகவே இனி வருவது என் கற்பனை.

கலைச்செல்வன் கடைசியில் ஊர் வழக்கத்தைப் பிடித்தான். "பூ கட்டிப் பாத்துடலாம். அம்மன் இன்னா சொல்லுதோ அதான்."

தெரியாதவர்களுக்காக: ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஏரியில் விட்டுவிட வேண்டும்.

[ஒரு பெண்ணின் ஆறாண்டு உழைப்பைப் பூவிடம் விடுவதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவர்கள் வீட்டில் கல்யாணம், கிணறு, கண் ஆபரேஷன் எல்லாம் இப்படித்தான் முடிவாகியிருக்கிறது. பாஞ்சாலியும் மறுக்கவில்லை. அம்மன் தன் பக்கம் இருப்பாள் என்று அவளும் நம்பினாள்.]

ஞாயிற்றுக்கிழமை காலை, சாலவாக்கத்து அம்மன் கோயில். பொட்டலங்களைக் கட்டியது வேதகிரி. பூஜாவைக் கண்ணை மூடச் சொன்னார்கள். அவள் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள்.

அரளி.

கலைச்செல்வன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சரி. அம்மனே வேணான்னுடுச்சி. இனிமே நான் இந்தப் பேச்ச எடுக்கமாட்டேன்." மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் வருகிறதா பார்க்கப் போனான்.

மீதிப் பொட்டலத்தை ஏரியில் விடப் பாஞ்சாலி கரை ஏறினாள். வேதகிரியும் கூடவே போனார்.

அவள் எங்கேயும் எல்லா மாடிக் கதவையும் திறந்து பார்க்காமல் கார்டில் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கை பழகிவிட்டது. நூலைப் பிரித்துவிட்டாள்.

"இன்னா மாமா இது? இதுலயும் அரளிதான் கீது?"

வேதகிரி ஏரியைப் பார்த்தார். "நந்தியாவட்ட கெடைக்கல."

"கோயில் வாசல்லயே பூத்துக் கொட்டிக் கெடக்குது."

"சரி, கெடச்சிது. இப்ப இன்னான்ற?"

"உங்க புள்ள உங்களப் பாத்துக்கத்தான வரேன்றாரு?"

"அதாம்மா பயமே. பொங்கலுக்கு மூணு நாளு வந்தான். மூணே நாளு. பம்புசெட்டுக்கு டைம்டேபிளு எழுதி செவுத்துல ஒட்டினான். எட்டு மணிக்கு நாஷ்டா துன்றவன ஏழு மணிக்குத் துன்ன வெச்சான். டீவி சவுண்ட கொறைன்னான். ஒரே பேஜாரு. நல்ல புள்ளதான், இல்லன்னு சொல்லல. தெனிக்கும்னா என்னால முடியாது."

"இத அவருகிட்டயே சொல்றது?"

"பெத்தவனே வராதடான்னா ஊர்ல இன்னா பேசுவானுங்க? அவன் மூஞ்சத்தான் நான் எப்டி பாக்கறது? அம்மன் சொன்னா ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "உனக்கோசரம் பண்ணேன்னு மட்டும் நெனச்சிக்காத. எனக்கோசரம்தான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது. வேலை தங்கிவிட்டது, ஆனால் தில்லுமுல்லில் தங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒருவன் அதை அம்மன் வாக்கு என்று நம்பிக் கண் கலங்கி நிற்கிறான். பூவை ஏரியில் விடாமல் கைக்குள் மூடிக்கொண்டாள்.

7

ஞானதாஸ் இதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ரெண்டுலயும் வெள்ளைன்னு மாத்திடுங்க மேடம். ஒரு வார்த்தைதான். அவங்க ஊருக்குப் போயிடுவாங்க, இதழுக்கும் பொருந்தும்."

முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவருக்காக இரண்டிலும் நந்தியாவட்டை வைத்தேன். பிறகு பாஞ்சாலியின் முகம் நினைவுக்கு வந்து, இரண்டிலும் அரளி வைத்தேன். வேதகிரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நியாயமாக ஒன்றில் அது, ஒன்றில் இது என்று வைக்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

8

செங்கல்பட்டு போகிற பஸ். பூஜா மடியில் தூங்கிவிட்டாள். பாஞ்சாலியின் வலது கை மூடியபடியே இருக்கிறது. கலைச்செல்வன் ஜன்னல் பக்கம்.

நான் எழுத நினைத்திருந்தது: "இருவரும் மௌனமாகப் பயணம்—"

ஆனால் அவன் திரும்பினான்.

"பாஞ்சா. அம்மன் சொன்னது இருக்கட்டும். உனக்கு வரணும்னு இருந்துச்சா, இல்லியா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு மாதமாக இந்தப் பேச்சு நடக்கிறது. அவன் அப்பாவைக் கேட்டிருக்கிறான். கம்பெனி பஸ் டிரைவரைக் கேட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டிருக்கிறான். அம்மனைக் கேட்டிருக்கிறான். இந்த ஒரு கேள்வி எந்த வரைவிலும் வரவில்லை. வரவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை.

"இல்ல," என்றாள்.

"இல்லன்னா?"

"வரணும்னு ஒரு நாளும் இருந்ததில்ல."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?"

"எட்டு மாசமா பேசிக்கினுதான இருந்தோம்?"

"நீ பேசிக்கினு இருந்த. நான் லிஃப்டுல மாட்னவங்க கிட்டதான் சொல்லிக்கினு இருந்தேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவளுடைய மூடிய கையைப் பார்த்து, "கைல இன்னா வெச்சிக்கினு கீற?" என்றான்.

இங்கே நிறுத்துகிறேன்.

கையைத் திறந்தால் சொந்த அப்பாவே தன்னை வேண்டாம் என்றது அவனுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு இன்னொரு முறை பூ கட்டலாம் என்று அவன் கிளம்பினாலும் கிளம்புவான். திறக்காவிட்டால், சரிபார்க்காத கார்டில் அவள் முதல் முறையாகக் கையெழுத்துப் போட்டது போலாகும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்தன. அதனால்தான் இரண்டையும் நம்பவில்லை.

இந்தக் கதையில் இதுவரை அவளுக்காக முடிவெடுக்க வந்தவர்கள் ஐந்து பேர்: கணவன், மாமனார், அம்மன், ஞானதாஸ், நான். ஆறாவதாக நீங்கள் வருவதென்றால் தாராளமாக வாருங்கள், இடம் இருக்கிறது. நான் செங்கல்பட்டில் இறங்கிக்கொள்கிறேன்.