நடுவில் கட்டிய பெப்டைடு

எஸ்கில் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரங்ஹில்டின் டாக்டர் பட்டம் அம்பேல். எழுந்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். எழுந்து தொலையேன்டா என்றும் மனசு அடித்துக்கொண்டது.

ஒஸ்லோவுக்குத் தெற்கே அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுக்கு ஊரறிய அவையில் நின்றுதான் பதில் சொல்லவேண்டும். கடைசியில் தலைவர் அவையைப் பார்த்து, யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்பார். வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே கேக் காத்திருக்கும்.

சமாச்சாரம் இதுதான். பாலில் வளரும் ஒரு பாக்டீரியா, பக்கத்துப் பாக்டீரியாவைக் கொல்ல பெப்டைடு என்ற ஒரு குட்டிப் புரதத் துண்டைச் செய்கிறது. அதன் நடுப்பகுதி தொளதொளவென்று வளையும். வளைந்துகொண்டே இருப்பதைத் தெளிவாகப் படம் பிடிக்க முடியாது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் தூர்கைருக்கு அது பொறுக்கவில்லை. "நடுவுல ஒரு கட்டு போடும்மா, அசையாம நிக்கட்டும்" என்றார். ரங்ஹில்டும் வேதியியல் பிணைப்பு ஒன்றைப் போட்டாள். அடடா, என்ன படம்! ஒவ்வொரு அணுவும் வைத்த இடத்தில் நின்றது. ஆய்வேட்டின் அட்டையிலேயே அச்சடித்தார்கள்.

அது கொல்கிறதா என்று பார்ப்பது கீழ்த்தளத்து எஸ்கிலின் வேலை. படம் வந்த குஷியில் அவனிடம் கொடுக்க யாருக்கும் தோன்றவே இல்லை. போன வாரம்தான் அவளே கொண்டுபோனாள். கட்டாத பெப்டைடு விழுந்த இடத்தில் பாக்டீரியா செத்து, அதை வளர்த்த தட்டு வட்டமாகத் தெளிந்திருந்தது. கட்டியது விழுந்த இடத்தில் பாக்டீரியா மண்டிக் கிடந்தது.

"வளைஞ்சாதானே அது எதிரியோட தோலுக்குள்ள நுழையும்? இடுப்பைக் கட்டிப்போட்டுட்டு ஆடுன்னா எப்படி ஆடும்?" என்றான் எஸ்கில். "போய் தூர்கைர்கிட்ட சொல்லு."

நேற்று சொன்னாள். "முதல்ல பட்டத்தை வாங்கு. இப்ப எதையும் கிளறாதே" என்றார் அவர். திரும்பி வந்து எஸ்கிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தயவுசெஞ்சு நாளைக்கு வாயைத் திறக்காதடா." சரி என்று தலையாட்டினான்.

இன்று அவையில், சற்றுமுன் தேர்வாளர் கேட்டிருந்தார்: "கட்டின பெப்டைடு கொல்லுதா?"

"இன்னும் சோதிக்கலை" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். காது மட்டும் சுட்டது.

இப்போது தலைவர் அவையைப் பார்த்தார். "வேற யாருக்காவது மறுப்பு இருக்கா?"

எஸ்கில் கோட்டுப் பொத்தானைத் திருகியபடி உட்கார்ந்திருந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவி.

மாலை விருந்தில் தூர்கைர் கோப்பையைத் தட்டி எழுந்தார். "டாக்டர் ரங்ஹில்ட்! உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இதே வேலைக்கு மூணு வருஷத்துக்கு நிதி கிடைச்சாச்சு. பொறுப்பு முழுக்க உன்னுது. இன்னும் எத்தனையோ பெப்டைடைக் கட்டணும்!"

எல்லோரும் "ஸ்கோல்!" என்று கோப்பையைத் தூக்கினார்கள். அவள் அம்மா பெருமை தாங்காமல் அழுதேவிட்டாள். எஸ்கில் மட்டும் கோப்பையைத் தொடாமல் அவளையே பார்த்தான்.

"திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடறேன்" என்றாள் ரங்ஹில்ட்.