சகலை மாட்டிய லென்ஸ்

ஆபீஸில் பெரிய லென்ஸ் ஒன்றே ஒன்றுதான். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவன் மூக்கு நுனி வியர்வையைக்கூடப் பிடித்துவிடும். அதற்குப் பெயர் பீரங்கி. கால்பந்து இறுதிப் போட்டியன்று முந்திக்கொண்டு போய் அதை எடுத்துக்கொண்டார் மூத்தவர். அவருக்குப் பயம் சகலையிடம், அதாவது மனைவியின் தங்கை கணவரிடம். இருவரும் ஒரே பத்திரிகையில் போட்டோகிராபர்கள். யார் எடுத்த படம் முதல் பக்கத்தில் வருகிறதோ அவரே இனி விளையாட்டுப் பிரிவுக்குத் தலைமை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மாமனார் வீட்டில் யாருக்கு மவுசு என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

"பீரங்கி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா. எனக்குக் குட்டை லென்ஸே போதும்" என்றார் சகலை.

கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லி மனசு குளிர்ந்திருக்கலாம். கேட்காத மனுஷனை என்ன செய்வது? மூத்தவர் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.

எதிர்க் கோடிவரை மறைப்பில்லாமல் தெரியும்படி, கோலுக்குப் பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்தார். நல்ல இடம்தான். ஆனால் சகலை அதே கோலின் வலப்பக்கம், கார்னர் கொடி அருகே போய்ச் சம்மணம் போட்டார். அங்கே அப்படி என்ன வைத்திருக்கிறது? வெயில் முதுகில் விழுகிறது என்பதாலா? பந்து எங்கே ஓடினாலும் மூத்தவரின் கண் கொடிப்பக்கமே ஓடியது.

ஆட்டம் முடியும் தறுவாய். இன்னும் யாரும் கோல் போடவில்லை. உள்ளூர் அணிக்கு அவர்கள் இருந்த கோல் பக்கமே ஒரு கார்னர் கிடைத்தது. சகலை பையைத் திறந்து லென்ஸை மாற்றினார். எதை மாட்டுகிறான் இவன்? மூத்தவர் கேமராவை மடியில் இறக்கிவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார். சகலை மாட்டி முடித்துக் கண்ணில் வைத்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை.

மைதானமே அலறியது. திரும்பினால் வலை ஆடிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய்ப் பீரங்கியைத் தூக்கினார். கோல் அடித்தவன் நேரே அவரை நோக்கித்தான் ஓடி வந்தான். அவ்வளவு பக்கத்தில் பீரங்கிக்கு அகப்பட்டது ஒரு காது மட்டும்.

மறுநாள் காலையில் பேப்பரை அவர் தொடவேயில்லை. மனைவிதான் போனில் தங்கையிடம் பேசிக்கொண்டே விரித்தாள்.

"முதல் பக்கத்துல உன் வீட்டுக்காரர் படம்தான்டி! அட, கோலுக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரரும் இருக்காரே!"

சிரித்தவள் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஊரே பந்தைப் பாக்குது. நீங்க ஏங்க என் தங்கச்சி புருஷனை இப்படி முறைக்கறீங்க?"