நோ சார், நாட் சேஃப்

வெளிநாட்டுக்குச் சாரம் கட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுகுணா சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் பெரும்பாலும் அவர்கள் வாயில் ஏறிவிட்டது. பலகை, கயிறு, பெல்ட் பற்றியெல்லாம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. "நோ சார், நாட் சேஃப்" மட்டும் யாருக்கும் தொண்டையைத் தாண்டவில்லை.

புதுக்கோட்டைப் பயிற்சி நிலையத்தில் தினமும் நடித்துப் பழகும்போது அவள்தான் வேலை ஏவும் போர்மேன். நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பெல்ட் இல்லாமல் மேலே ஏறு என்று இங்கிலீஷில் அதட்டுவாள். கந்தர்வக்கோட்டை மலையாண்டி, நாற்பதைத் தாண்டிய ஆள், எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு "எஸ் மேடம்" என்பார். வகுப்பே சிரிக்கும். சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏறுனா விழுந்துருவீங்கண்ணே."

"தெரியுதுங்க டீச்சர். ஆனா நாற்காலியில ஒக்காந்திருக்கவங்க மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு எப்புடிங்க சொல்றது?"

போன தடவை வளைகுடாவில் அவரோடு வேலை பார்த்த பங்காளி சந்தனம் அப்படித்தான் ஒரு "எஸ் சார்" சொல்லிவிட்டு ஏறினான். பெட்டியில்தான் ஊர் வந்து சேர்ந்தான். பலகை ஆடியதை மலையாண்டியும் பார்த்தார், வாய் திறக்கவில்லை. இதை அவர் சொன்ன நாளிலிருந்து, அந்த ஒரு வார்த்தை வராமல் இந்த மனிதரை விமானம் ஏற்றக்கூடாது என்று சுகுணாவுக்குப் பிடிவாதம்.

கடைசி வகுப்பன்று சென்னையிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. மேனேஜர் ரகுநாத் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். "டீச்சர், பேனர் இன்னும் ஏறல. அஞ்சு நிமிஷத்துல கட்டிருங்க." ஏணி பெயின்டரோடு போயிருந்தது. சுகுணா "சரிங்க சார்" என்றாள். அவரிடம் வேறெதுவும் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

மேசைமேல் நாற்காலியைத் தூக்கி வைத்தாள். அதற்கு ஒரு கால் குட்டை, ஆடியது. ஆடியதை அவளும் பார்த்தாள்.

"மலையாண்டிண்ணே, சட்டுன்னு ஏறிக் கட்டிருங்க."

மலையாண்டி நாற்காலியைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார், பழக்கம் விடுமா?

"நோ மேடம். நாட் சேஃப்."

சுகுணாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். தன் அவசரம் இந்த ஆளுக்குப் புரிகிறதா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியது எதற்காகவோ அது வந்துவிட்டது. தன்னிடமே வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இன்றைக்கு அவள் நடிக்கவில்லை, நிஜமான போர்மேனாகவே நின்றிருக்கிறாள்.

"வெரி குட்ண்ணே" என்று சொல்லி நாற்காலியைத் தானே இறக்கி வைத்தாள்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். ரகுநாத் நிமிர்ந்து, "கட்டியாச்சா?" என்றார். ஊருக்கெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்ததைத் தமிழில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தன் கைகளும் கட்டியபடி இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். தொங்கவிட்டாள்.

"ஏணி இல்லாம முடியாது சார்."