மூன்றாவது தடவை இறங்கிய பெடல்

ஒரே ஜீப்பின் பிரேக்கை ஒரே அறுவடைக்குள் மூன்றாவது தடவையாகப் பிரிப்பவனுக்கு, தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது நன்றாகவே தெரியும். அர்செசியோவின் பழைய வில்லிஸ் ஜீப் என் பட்டறைக்குள் மறுபடியும் நுழைந்தபோது நான் எழுந்திருக்கவே இல்லை.

“மறுபடியுமா?”

“மறுபடியும்தான், தோன் எவெலியோ. லா கெப்ராதா இறக்கத்துல பாதி வழியில கால் அப்படியே தரைக்குப் போயிடுச்சு. உள்ள காப்பி மூட்டை, பின்னால தொங்கிக்கிட்டு ஜனம். கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டுல உரசி நிறுத்தினேன்.”

“கீழ வந்ததும்?”

“கீழ வந்து ஒரு காப்பி குடிச்சு முடிக்கல, பெடல் கல்லு மாதிரி நிக்குது. ஓல்மெதோ மிதிச்சுப் பார்த்துட்டு, ஜீப்பை விட்டுட்டு என்னை மேலயும் கீழயும் பார்க்கிறான்.”

ஓல்மெதோ சதுக்கத்தில் ஜீப்புகளை வரிசையில் நிறுத்தி அனுப்புகிறவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாளைக் காலை அந்த இறக்கத்தில் இன்னொரு தடவை பெடல் போனால் வரிசையில் உனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாராம். சொன்னால் சொன்னதுதான். வரிசையில் இடமில்லாத ஜீப் எங்கள் ஊரில் கோழி அடையத்தான் லாயக்கு. அர்செசியோவுக்கு வேறு வண்டியும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

“சரி பண்ணிடுவீங்களா?”

“போன தடவையும் சரியாத்தான் பண்ணினேன். போய்ப் படு.”

விடியுமுன் எழுந்து ஓட்டுகிறவன். பட்டறை மூலையில் காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்தான். சாயும்போதே தூங்கியிருந்தான்.

முதல் தடவை பிரேக் ஆயிலை மட்டும் மாற்றினேன். இரண்டாவது தடவை சிலிண்டர் ரப்பர்தான் போலி என்று முடிவுகட்டி, பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போய், விற்ற கடைக்காரனோடு அரை நாள் சண்டை போட்டேன். என் அப்பா சந்தையில் துணி விற்றவர். விலை படியாவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நானும் உட்கார்ந்தேன். கடைக்காரன் பயந்துபோய் இரண்டு செட் ரப்பரை இனாமாகக் கொடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்பினான். ஒரு செட்டை மாட்டினேன். அதுவும் இன்று காலை தரைக்குப் போய்விட்டது.

நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். டிரம்மில் கீறல் இல்லை. பிரேக் ஷூ நன்றாக இருந்தது. எங்கும் கசிவு இல்லை. போன மாதம் துடைத்துத் துடைத்து மாட்டிய வீல் சிலிண்டருக்குள் மட்டும் துரு பிடித்திருந்தது. எண்ணெய்க்குள் கிடக்கிற இரும்புக்குத் துரு எங்கிருந்து வரும்? இருமல் வந்தது, யோசனை வரவில்லை. தேய்த்துக் கழுவினேன். இனாம் ரப்பரில் மீதியிருந்த செட்டைப் போட்டேன், புது ஆயிலை ஊற்றினேன்.

இனி குழாயில் சிக்கிய காற்றை, அதாவது ஏரை, எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே சக்கரத்தில் நிப்பிளைத் திறந்து மூட. அர்செசியோவை உலுக்கினேன். சாக்கு அசைந்தது, அவன் அசையவில்லை. அப்போதுதான் அவன் மனைவி நூபியா தூக்குப் பாத்திரத்தில் அவரைக் குழம்பும் அரேப்பா என்கிற சோள ரொட்டியும் கொண்டு வந்தாள்.

“எழுப்பாதீங்க, பாவம். நான் மிதிக்கிறேன்.”

“வருமா?”

“பதினாலு வருஷமா அவரோட குடும்பம் நடத்துறேன். பெடல் மிதிக்க வராதா?”

வந்தது. “மிதி, பிடி, விடு” என்று நான் கீழேயிருந்து கத்த, அவள் மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் கல்லாக நின்றது. மாஸ்டர் சிலிண்டரை ஒரு தடவை துடைத்துவிடலாம் என்று வண்டிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்தேன். இந்த ஜீப்பில் அது ஓட்டுநரின் காலுக்குக் கீழே இருக்கிறது. தரைத் தகட்டைத் தூக்கினால் மூடி தெரியும். தலைக்கு மேல் தகடு தூக்கப்பட்டது. மூடி திறந்தது. ஒரு துணி உள்ளே போய் ஆயிலை ஒற்றிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு அந்த ஓட்டை வழியாக, ஓட்டுநர்களைக் காக்கிற கார்மேல் மாதா தெரிந்தாள். மாதா உருவத்தில் கையகல பிளாஸ்டிக் பாட்டில். நீலக் கிரீடத்தைத் திருகினால் தண்ணீர் வரும்.

“நூபியா!”

அவள் துள்ளியதில், பாதித் தீர்த்தம் சிலிண்டரிலும் பாதி என் மூக்கிலும் விழுந்தது.

வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்தேன். கோபப்படத் தெம்பு வேண்டும்.

“எத்தனை நாளா இது?”

“மாதா திருநாள்லேருந்து. வாராவாரம் ஒரு மூடித் தீர்த்தம். நீங்க பிரிச்சு மாட்டினப்பல்லாம் கூட ஒரு மூடி.”

“திருநாளன்னிக்குத்தான் ஃபாதர் எல்லா ஜீப்பையும் மந்திரிச்சாரே?”

“வெளிய தெளிச்சார். அது மழையில போயிடுமே. உயிர் இருக்கிற இடத்துல ஊத்தணும். பிரேக்கோட உயிர் இதுலதான்னு எங்க வீட்டுக்காரர்தான் ஒருநாள் இந்த மூடியைக் காட்டினார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “போன வருஷம் என் தம்பி அந்த இறக்கத்துலதான் போனான்.”

அவனை ஊர் மொத்தமும் தூக்கிவந்தது. நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

“நூபியா, இறக்கத்துல பிரேக்கு சூடாகிக் காயும். ஆயில் தாங்கும், தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். ஆவியை மிதிச்சா கால் தரைக்குத்தான் போகும். ஆறினதும் யோக்கியன் மாதிரி நிக்கும்.”

“மூணு தடவை பெடல் போச்சு. மூணு தடவையும் மனுஷன் முழுசா வீட்டுக்கு வந்தார். காப்பாத்தினது யாரு? உங்க ரப்பரா?”

பெரிய ஊர்க் கடைக்காரனை வேறு வீணாக வைதிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் இவள் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியாமல் ஊற்றுவாள். வாங்க வந்தவளிடம் சரக்கு இல்லை என்று சொல்லக்கூடாது, வேறு சரக்கைக் காட்ட வேண்டும்.

“இதுல ஒரு மூடிதானே போகுது?” என்றேன். “முழு பாட்டிலும் போற இடம் இருக்கு. ரேடியேட்டர்.”

“அது முன்னாடில்ல இருக்கு? இறக்கத்துல அதுக்கு என்ன வேலை?”

“சின்ன கியர்ல இறங்கும்போது ஜீப்பைப் பிடிச்சு வைக்கிறது யாரு? இன்ஜின். இன்ஜினோட உயிர் எங்க? ரேடியேட்டர்ல. அங்க தண்ணிதான் ஊத்தணும், நல்ல தண்ணியா இருந்தா ரொம்ப நல்லது.”

பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சந்தையில் வளர்ந்தவன் நான்தான், ஆனால் அடுத்த வார்த்தை அவளுடையது.

“சரி. அப்ப நாளைக்கு நீங்க அவர் பக்கத்துல உக்காந்து இறங்குங்க.”

“நானா? என் இடுப்பு...”

“உங்க பிரேக்குல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

பேரம் படிந்தது. மாதாவின் மிச்சத்தை ரேடியேட்டரில் கவிழ்த்தாள். நான் ஊற்றிய புது ஆயிலை எல்லாம் கீழே வடித்து, சிலிண்டர்களை மறுபடி கழற்றி, ஸ்பிரிட்டில் கழுவி, மறுபடி நிரப்பினேன். அவள் மறுபடி மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். அவரைக் குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. அர்செசியோ எழுந்து அதைத் தின்றான்.

காலையில் மலைக்கு மேலே போய் மூட்டை ஏற்றி, ஜனம் தொங்கி, கிளம்பினோம். லா கெப்ராதாவில் மண் மேட்டு உரசல் இன்னும் புதிதாக இருந்தது. அவன் மிதிக்கிறபோதெல்லாம் என் காலும் வெறும் தகட்டை மிதித்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டு என் கை நகரவே இல்லை. நூபியாவின் தம்பிக்கு நட்ட சிலுவை வந்தபோது டிரம் காய்ந்த வாடை அடித்தது. பெடல் நின்றது. அடுத்த வளைவிலும் நின்றது. அதற்கடுத்த வளைவில்தான் மூச்சுவிட்டேன்.

சதுக்கத்தில் ஓல்மெதோ தானே ஏறி மிதித்துப் பார்த்தார். சூடு ஆறுமுன் மிதித்தும் பெடல் இறங்கவில்லை. அர்செசியோவுக்கு இடம் விட, வரிசையில் முன்னால் நின்ற ஜீப்பைக் கொஞ்சம் நகரச் சொன்னார்.

மாதா பாட்டிலை மறுபடி நிரப்பிக்கொண்டு நூபியா காத்திருந்தாள். ரேடியேட்டர் ஆறட்டும் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“தோன் எவெலியோ, பெடல் ரொம்பக் கெட்டியா இருக்கு. கால் வலிக்குது. கொஞ்சம் லேசாக்க முடியாதா?” என்றான் அர்செசியோ.

“வலிக்கட்டும்” என்றேன். இடுப்பைச் சாய்க்கச் சாக்கு எங்கே என்று தேடினேன்.