கடைசி விமானமும் ஒரு தலையாட்டலும்

1

இந்தக் கதை கதையாக இருக்கவேண்டியதே இல்லை. மூடிக்கிடக்கும் எங்கள் ஊர் ராணுவ விமானதளத்தின் வரலாற்றை விழா மலருக்காக இரண்டு பக்கத்தில் கேட்டார்கள். அங்கே தட்டச்சராக இருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதல் தொடக்கம்: ‘போர்க்காலத்தில், சோள வயல்களின் நடுவே...’

வேண்டாம். எல்லா விமானதளமும் வயலின் நடுவேதான் தொடங்குகிறது.

இரண்டாவது: ‘ஓடுதளத்தின் நீளம்...’

இதற்குள் அத்தைக்குக் கொட்டாவி வந்துவிட்டது. (அத்தை, அப்பாவின் தங்கை. விமானிகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டவள். எழுதுவதையெல்லாம் அவளிடம்தான் வாசித்துக் காட்டுகிறேன்.)

2

உண்மையான வரலாறு இதுதான். விமானம் கிளம்பும்போது எங்கள் ஊரில் யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள். கேட்பவர் தலையை ஆட்டுவார். காதில் விழவில்லை, பரவாயில்லை, மேலே சொல் என்று அர்த்தம். இப்படித் தலையாட்டியே ஒருவர் பள்ளிக்கூடச் செயலாளர் ஆனார். பல் வைத்தியர் ஒருமுறை நல்ல பல்லைப்

(இந்த வாக்கியத்தை முடிக்கவேண்டியதில்லை.)

3

மாமா, அத்தையின் கணவர், எஞ்சின் மெக்கானிக். வெளியூர்க்காரர். அப்போது ஊருக்கு வந்து ஒரு வருடம்தான். தலையாட்டலின் அர்த்தம் அவருக்குப் பிடிபட்டிருக்கவில்லை. தளத்தை மூடி, ஆட்களைத் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். அவர் பெட்டியை என் சைக்கிளில் கட்டினேன். வாசலில் அத்தை. கடைசி விமானம் கிளம்பியது. மாமா ஏதோ கேட்டார். அத்தை தலையாட்டினாள். மாமா முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார். திரும்பி வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது.

இருபத்தாறு வருடமாக அத்தைக்கு ஒரே கேள்வி.

“எதுக்குத் தலையாட்டினேன்னு தெரிஞ்சாப் போதும்டா. நீதான் எழுதுறவனாச்சே, எழுதேன்.”

4

எழுதிப் பார்த்தேன்.

அ. “சாவி எங்க?” மலருக்கு ஏற்றது. யாருக்கும் வலிக்காது.

ஆ. “நீயும் வர்றியா?” தலையாட்டியவளைக் கூட்டிப் போயிருப்பாரே. கதை நிற்காது.

இ. “நான் போய்த்தான் ஆகணுமா?”

(இது கற்பனை இல்லை. சைக்கிளைப் பிடித்தபடி அவர் தோளையொட்டி நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது. ‘அவளுக்குக் கேக்கல மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்பதுதான் அப்போது என் கவலை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.)

5

சற்று முன் மூன்றாம் பகுதி வரை வாசித்தேன். அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நீ பக்கத்துலதானே நின்ன? உனக்குக் கேட்டுச்சா?”

வானத்தில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

நான் தலையாட்டினேன்.

வெளியூர்க்காரர் யாராவது இருந்திருந்தால் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அத்தை இந்த ஊரிலேயே பிறந்தவள்.

“சரி, மேல படி,” என்றாள்.

நான்காம் பகுதி சட்டைப்பையில் இருக்கிறது. படிக்கட்டுமா? நீங்கள்தான் சொல்லவேண்டும். வாயைத் திறந்து சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.