கதவுக்குள் தண்ணீர்

முப்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் காரை வீட்டு வாசலில் நிறுத்தினாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதே கார் டீச்சர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், நாற்றமில்லாமல்.

"இல்லேன்னா?" என்றான் புருஷன்.

"வேற வண்டி பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அவன் பிளம்பர். கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது அவள்தான். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு வருஷம் பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் வித்துவிட்டுப் பழைய வேலைக்கே போகிறேன் என்று சொல்லி இந்தப் பழைய காரை வாங்கியிருந்தாள். வருஷம் முடியப் போகிறது. இதுவரை நிலையாகக் கிடைத்த ஒரே சவாரி டீச்சர். ரிட்டயர்டு தலைமை ஆசிரியை, நுரையீரல் பலவீனம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு மூச்சுப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். டீச்சர் போனால் வண்டியும் போய்விடும்.

மழை பிடித்து அடித்த அந்த வாரத்தில் கார் நாற ஆரம்பித்தது. பிளம்பர் தன் பங்குக்கு ஒரு வாசனை அட்டையை வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டான். நாற்றத்தோடு மல்லிகையும் சேர்ந்துகொண்டதில் டீச்சர் வழி நெடுக இருமித் தீர்த்துவிட்டார்.

அவன் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான். நனைந்த நாயை மூட்டை கட்டி வைத்திருந்து அவிழ்த்த மாதிரி இருந்தது.

"இதுக்குள்ளயா நாள் முழுக்க உக்காந்து ஓட்டுன?"

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"சொன்னா மட்டும்?" என்று அவள் குனிந்து சீட்டின் ஸ்க்ரூவைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாக்கடையில் கைவிட்டுப் பிழைக்கிறவன் அவன். நாற்றத்தைப் பொறுப்பது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அவனாலேயே ஒரு நிமிஷம் நிற்க முடியாத இடத்தில், முகம் சுளிக்காமல், மூக்கில் துணி கட்டாமல், அடுத்தவரை ஏற்றி இறக்கி வந்திருக்கிறாள். என்ன மனுஷி என்று நினைத்துக்கொண்டான். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குக் கூச்சம் வந்துவிடும்.

ஞாயிறு காலை நல்ல வெயில். வீடு காலி செய்கிற மாதிரி காருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தது. முதலில் சீட்டுகள், பிறகு மிதியடிகள், கடைசியில் கார்பெட். கார்பெட்டுக்கு அடியிலிருந்த ஃபோமை அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். காபி நிறத்தில் தண்ணீர் வழிந்தது.

மாடி வீட்டு அண்ணன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கார்ல மீன் வளக்கறீங்களா?"

"ஆமாண்ணே. பெருசானதும் மொதல்ல உங்களுக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டு வெளியூருக்குக் கிளம்பப் பெட்டி கட்டப் போனார்.

"முன்கண்ணாடிதான்" என்றான் பிளம்பர். "நான் அப்பவே சொன்னேன். ரப்பர் போயிருக்கும். பேஸ்ட் போட்டு ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது."

"தண்ணி நிக்கிற எடம் வேற, வர்ற எடம் வேற. மொதல்ல வர்ற எடத்தைப் பாப்போம்."

"இதை எனக்கே சொல்றியா? நான் பிளம்பரு."

"அதான் மறந்துடுவீங்கன்னு சொல்றேன்."

அவள் வீட்டுக்குள் போய் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். வெறும் தகரமாகக் கிடந்த தரையைத் துடைத்துக் காயவைத்து, ஓரங்களிலும் கதவுகளின் கீழ் விளிம்பிலும் பவுடரைச் சல்லடையால் தூவினாள். பிறகு ஒரு டார்ச்சோடு உள்ளே போய்க் கதவுகளைச் சாத்திக்கொண்டாள்.

அவன் ஹோஸைத் திறந்தான். தீயணைக்கிற வண்டிக்காரன் போல வண்டி முழுக்க ஒரே வீச்சு. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல ஊத்தினா எந்த எடம்னு எப்படிங்க தெரியும்? கீழேருந்து ஆரம்பிங்க. மெதுவா. நான் தலையாட்டினா மட்டும் கொஞ்சம் மேல வாங்க."

"ஏன், மேலேருந்து வந்தா என்ன?"

"மேல ஊத்துற தண்ணி கீழ இருக்கிற எல்லாத்தையும் நனைச்சுக்கிட்டுத்தான வரும்? அப்ப எதைக் குத்தம் சொல்றது?"

குழாய் வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் இந்த வரிசை அவனுக்குத் தோன்றியதில்லை. ஹோஸைத் தணித்தான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் சக்கரத்தருகே ஊற்றினான். ஒன்றுமில்லை. அவள் தலையாட்டினாள். கதவடியில் ஊற்றினான். ஒன்றுமில்லை. அவன் பந்தயம் கட்டியிருந்த முன்கண்ணாடியும் சொட்டு விடவில்லை. வெயில் முதுகில் ஏறியது. சட்டை, பேண்ட் எல்லாம் தொப்பலாகி அவனுக்கு ஒரு தும்மல் வந்தது.

இடது பின்கதவின் கண்ணாடிமேல் ஊற்றினான். தண்ணீர் கண்ணாடியில் வழிந்து, கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் இடுக்கில் இறங்கியது. அவள் கையைக் காட்டினாள்: நிறுத்தாதே.

அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். கை மாற்றி ஊற்றினான். கடைசியில் உள்ளேயிருந்து படபடவென்று தகரத்தைத் தட்டினாள்.

அவன் ஓடிப்போய் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தான். அவள் குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் தரையை ஒட்டியிருந்தது, புருவமெல்லாம் பவுடர். டார்ச் வெளிச்சத்தில், வெள்ளை விளிம்பின்மேல் எறும்புச் சாரி போல ஒரு ஈரக் கோடு கதவின் அடியிலிருந்து உள்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண போட்டோவில்கூட இவ்வளவு அழகாக இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"கண்ணாடி வழியா உள்ள போற தண்ணி கதவுக்குள்ளேயே நிக்குதுங்க. நிரம்பி இந்தப் பக்கம் வழியுது."

அவள் இறங்கிவந்து அந்தக் கதவை மெல்ல ஆட்டினாள். உள்ளே தளக் தளக் என்றது, பாதி நிரம்பிய குடம் போல.

"இன்னொண்ணு பாத்தீங்களா? மழை விட்டதும் தெருவுல நிக்கிற வண்டியெல்லாம் கதவடியில சொட்டிக்கிட்டு நிக்கும். நம்ம வண்டி மட்டும் சொட்டவே சொட்டாது. நம்ம கதவு நல்ல கதவுன்னு பெருமையா நெனச்சுட்டு இருந்தேன். தண்ணி போறதுக்கு அடியில ஓட்டை இருக்கணும். எங்க காணோம்?"

பிளம்பர் குனிந்து கதவின் அடி விளிம்பைப் பார்த்தான். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. வழவழப்பு, விரலால் ஒரே இழுப்பில் தேய்த்துவிட்ட சுத்தம். அந்தக் கைவேலையை அவன் ஆயிரம் குளியலறைகளில் பார்த்திருக்கிறான். எல்லாம் அவன் செய்தவை.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கதவடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தான். சொட்டுகிற ஓட்டையைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. பையில் சிலிக்கான் பேஸ்ட் இருந்தது. நாலு கதவுக்கும் போட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு வேலையா என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"நீங்களா?" என்றாள்.

"சொட்டிச்சு. அதான்."

அவள் அவனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் கிடந்த சீட்டில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். "மழைத்தண்ணிய வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கீங்களே! தொட்டி கட்டறவங்ககூட இவ்ளோ சுத்தமாக் கட்ட மாட்டாங்க!"

"என் வேலைன்னா அப்படித்தான்" என்றான் அவன். விட்டுக்கொடுக்க முடியுமா?

வேறொருத்தியாக இருந்தால் இந்த ஒரு விஷயத்தை வைத்து ஆயுசுக்கும் ஓட்டியிருப்பாள். இவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அடைப்பின் ஓரத்தில் செருகி நெம்பினாள். வெள்ளைத் துண்டு பிய்ந்து வந்ததும், துருநிறத் தண்ணீர் அவள் முழங்கையெல்லாம் கொட்டியது. மற்ற மூன்று கதவுகளிலும் தண்ணீர் இருந்தது. வழிகிற அளவுக்கு இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அவன் வேலை முடிந்தது என்று கையைக் கழுவப் போனான்.

"எங்க போறீங்க? இனிமே வராதுங்கறது சரி. வந்தது உள்ளதான இருக்கு?"

கார்பெட்டைச் சோப்புப் போட்டுத் துவைத்தார்கள். ஃபோமைக் குளியலறையில் போட்டு மிதித்து, அலசி, மறுபடி மிதித்து, மொட்டை மாடியில் நிறுத்திக் காயப்போட்டார்கள். தகரத்தின் மூலை முடுக்கெல்லாம் அவள் வினிகர் தொட்ட துணியால் துடைத்தாள். நடுநடுவே அவனைக் கூப்பிட்டாள்.

"இங்க மோந்து பாருங்க."

"பரவால்ல, குறைஞ்சிருக்கு."

"இந்த மூலைல?"

"இங்க இன்னும் இருக்கு."

போயிடுச்சு என்று அவன் சொல்லும்வரை அங்கே மறுபடி மறுபடி துடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவனையே கேட்டாள். கதவை அடைத்த அசட்டுக்காரியத்துக்குப் பிறகு அவன் முகம் வாடிவிடக் கூடாது என்று ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அதற்காகவே கூடுதல் அக்கறையோடு மோந்தான்.

தனக்கென்று அவள் வேறு கணக்கு வைத்திருந்தாள். ஃபோமைக் கன்னத்தில் ஒத்திப் பார்த்தாள். கைக்குக் காய்ந்ததாகத் தெரிவது கன்னத்துக்குச் சில்லென்று இருக்குமாம். சமையலறைத் தராசில் தலை துவட்டும் காய்ந்த துண்டு ஒன்றை நிறுத்து, அதை ஃபோமுக்கு அடியில் வைத்து மேலே கல்லைத் தூக்கிப்போட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி நிறுத்தாள். முள் கூடுதலாகக் காட்டினால் ஃபோமைத் திருப்பிப் போட்டாள். முள் அசையாமல் போகும்வரை விடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டி, சூட்டுக் காற்றை ஓடவிட்டு, கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வைத்தாள். படுக்கப் போகும்போது ஏற்றிச் சாத்தினாள்.

துண்டை நிறுத்து ஈரம் பிடிக்கிற ஒருத்தியோடு இத்தனை நாள் குடித்தனம் பண்ணியும் இது தெரியாமல் இருந்திருக்கிறதே என்று பிளம்பர் படிக்கட்டில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை விடிந்தபோது அவனுக்குச் சளி முற்றியிருந்தது. அவள் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் துளி ஆவி இல்லை. தரையில் விரித்திருந்த பேப்பர் மொறமொறவென்று இருந்தது.

"வந்து மோந்து பாருங்க."

"எதை? என் மூக்கு இருக்கிற எடமே எனக்குத் தெரியல" என்றான் அவன், அடைத்த குரலில். "மல்லிகையும் ஒண்ணுதான், மலக்குழியும் ஒண்ணுதான் இன்னிக்கு."

அவள் முகம் சுருங்கியது. மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது.

"நீயே பாத்துக்கயேன். உனக்குத் தெரியாததா?"

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். "நீங்களும் கூட வாங்க" என்றாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை துணைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவன் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறினான்.

டீச்சர் கேட்டுக்கு வெளியே ஊன்றுகோலோடு நின்றிருந்தார். காரிலிருந்து நாலு முழம் தள்ளியே நின்றார். கிட்டே வரவில்லை. இருவரும் இறங்கினார்கள்.

"என்ன பண்ணுன?"

அவள் சொன்னாள். பவுடர் தூவியதை, கீழேயிருந்து மேலே போனதை, கதவுக்குள் தண்ணீர் நின்றதை, துண்டை நிறுத்ததை. யார் அடைத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். டீச்சர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார்.

"எம் பிள்ளைங்களுக்கு நான் இத்தனை வருஷம் கத்திக் கத்திச் சொன்னது இதைத்தான். ஒண்ணொண்ணாப் பாருன்னு. ஒருத்தனும் பாக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "சரி. ஈரம் போச்சு, ஒத்துக்கறேன். நாத்தம்?"

"இவரு நேத்து மோந்து பாத்தாருங்க டீச்சர். போயிடுச்சுன்னு சொன்னாரு."

"நேத்து கதை வேண்டாம். ராத்திரி பூரா சாத்தி வெச்ச வண்டி. அவரு மூக்கைப் பாத்தாலே தெரியுது, செக்கச்செவேல்னு இருக்கு. நான் ஏறிப் பாத்து, பாதி வழியில மூச்சு முட்டிச்சுன்னா என்ன பண்றது? நீ உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு மோந்து பாத்துச் சொல்லு. நீ போயிடுச்சுன்னா போயிடுச்சு. உன் வார்த்தை எனக்குப் போதும்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோந்து பார்க்கிற மாதிரியே தெரியவில்லை.

பிளம்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இந்தச் சவாரி நிலைக்கும், அதை நம்பி வண்டி நிலைக்கும், இவளும் பில் போடப் போக வேண்டாம். அவன் டீச்சருக்குத் தெரியாமல் கண்ணாடி வழியே தலையைத் தலையை ஆட்டினான்: சொல்லிடு.

அவள் இறங்கிவந்தாள். காரின் கூரைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், போயிடுச்சுன்னுதான் நெனக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச வழியிலெல்லாம் பாத்துட்டேன். ஆனா மோந்து பாத்தேன்னு உங்ககிட்ட என்னால சொல்ல முடியாது."

"ஏன்?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டயும் சொல்லலைங்க. சொன்னா, பெட்ரோல் ஒழுகினாகூட தெரியாதே, கருகினாகூட தெரியாதேன்னு வண்டிய எடுக்க விடமாட்டீங்களோன்னு பயம்."

பிறகு டீச்சரைப் பார்த்து, சத்தமாகவே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது டீச்சர்."